கல்லூரி பூஸ்டர் கிளப்பும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்கு வேலைக்காகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் வருஷத்திலேயே ஒரு போன் வரும்: "எங்கள் கிளப்பில் சேருங்கள், மாணவர்களின் படிப்புக்கு உதவுங்கள்." படிப்புக்கு என்றதும் நம் கை தானாகப் பர்ஸுக்குப் போகிறது. போகட்டும், தப்பில்லை. அந்தப் பணம் எந்த வழியாக எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொண்டு கொடுத்தால் இன்னும் நல்லது.

பூஸ்டர் கிளப் என்றால் என்ன?

ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்காக நன்கொடை திரட்டும் அமைப்பு. முன்னாள் மாணவர்கள், உள்ளூர் வியாபாரிகள், அந்தக் கல்லூரியில் காலே வைக்காத தீவிர ரசிகர்கள் என்று எல்லோரும் இதில் உண்டு. சவுத் கரோலினாவில் கிளெம்சனுக்கு இப்டே, நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துக்கு ராம்ஸ் கிளப், டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு 12த் மேன் ஃபவுண்டேஷன், ஃப்ளோரிடாவுக்கு கேட்டர் பூஸ்டர்ஸ். பெரும்பாலும் வரிவிலக்கு பெற்ற அறக்கொடை அமைப்பாகப் பதிவு செய்திருப்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் முதல் வரியில் ஸ்காலர்ஷிப் இருக்கும். ஸ்டேடியம் கட்டுவது, பயிற்சி அரங்கம், கோச் சம்பளத்துக்குக் கைகொடுப்பது எல்லாம் கீழே வரும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

கிளெம்சன் கதையைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் அதன் சாயல்தான். 1931 அக்டோபரில் ஃப்ளோரன்ஸ் என்ற ஊரில் நடந்த ஃபுட்பால் (நம் ஊர் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) போட்டியில் கிளெம்சன் அணி சிட்டடெல் அணியிடம் 0-6 என்று தோற்றது. புள்ளி எடுக்க ஆள் இல்லை, ஆளைக் கொண்டுவரப் பணம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் கோச் ஜெஸ் நீலியும் கல்லூரியின் அபிமானிகள் சிலரும் மைதானத்துக்கு வெளியே ஒரு காருக்குள் உட்கார்ந்து, இனி என்ன செய்வது என்று பேசியிருக்கிறார்கள். ஆளுக்கு 50 டாலர் போட்டு ஒரு நிதி சேர்க்கலாம் என்பது முதல் யோசனை. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலம் அது, ஐம்பதுக்கு யார் போவது? அட்லாண்டாவில் டாக்டராக இருந்த ரூபர்ட் ஃபைக் 1934-இல் அதைப் பத்தாகக் குறைத்தார். வருஷத்துக்குப் பத்து டாலர் தருகிறேன் (I Pay Ten A Year) என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள்தான் இப்டே. பத்தும் இல்லாதவர்கள் பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கீரையும் கொண்டுவந்து கொடுத்துக் கணக்கை நேர் செய்ததாகச் சொல்வார்கள். 1940 புத்தாண்டு நாளில் அதே ஜெஸ் நீலியின் அணி, சீசன் முடிவில் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் பௌல் ஆட்டங்களில் ஒன்றான காட்டன் பௌலில் பாஸ்டன் காலேஜை 6-3 என்று வென்றது. பக்கத்து மாநிலங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? ராம்ஸ் கிளப் 1938-லேயே வந்துவிட்டது.

அப்போது விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுப்பது பாதி ரகசியமாக நடந்த காரியம். கல்லூரி விளையாட்டை மேற்பார்க்கும் என்சிஏஏ அமைப்பு 1948-இல் ஒரு விதி கொண்டுவந்தது: வசதியில்லாத மாணவருக்கு மட்டும் கல்விக் கட்டணம் தரலாம். யாரும் மதிக்காததால் சில வருஷத்தில் அந்த விதி செத்துப்போனது. 1956-இல் ஏழை பணக்காரர் பார்க்காமல், விளையாட்டுத் திறமைக்கே முழு உதவி தரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்துதான் பூஸ்டர் கிளப்புகள் பெருத்தன.

நான் தரும் டாலர் மாணவர் கைக்குப் போகிறதா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நீங்கள் கிளப்புக்குத் தருகிறீர்கள். கிளப் அதை விளையாட்டுத் துறைக்குத் தருகிறது. வீரர்களின் கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் பல்கலைக்கழகம் பில் போட்டு விளையாட்டுத் துறைக்கு அனுப்புகிறது. விளையாட்டுத் துறை உங்கள் பணத்தை எடுத்து அந்த பில்லைக் கட்டுகிறது. ஆக, பல்கலைக்கழகத்தின் ஒரு சட்டைப்பையிலிருந்து இன்னொரு சட்டைப்பைக்குப் பணம் மாறியிருக்கிறது. நடுவில் ஒரு பிள்ளை கடன் இல்லாமல் படித்திருக்கிறது, அது உண்மை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த பில்லில் இருக்கும் தொகை பல்கலைக்கழகம் தானே நிர்ணயித்த விலை. ஏற்கெனவே நடக்கும் வகுப்பில் ஒரு மாணவரைக் கூடுதலாக உட்காரவைக்க அவ்வளவு செலவு ஆகாது.

அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்னொரு விசித்திரம் உண்டு. வெளிமாநில மாணவருக்குக் கட்டணம் உள்ளூர் மாணவரைவிட இரண்டு மூன்று மடங்கு. கோச் டெக்சஸிலிருந்து ஒரு வீரரைக் கொண்டுவந்தால், அதே வகுப்பில் உட்காரும் சவுத் கரோலினா வீரரைவிட அவருக்கு கிளப் கணிசமாக அதிகமாகக் கட்ட வேண்டியிருக்கும். கல்விக் கட்டணம் ஏறும்போதெல்லாம் கிளப்பிலிருந்து உங்களுக்கு வரும் வேண்டுகோள் கடிதத்தின் உருக்கமும் ஏறுவது இதனால்தான்.

முழு ஸ்காலர்ஷிப் என்றால் அதில் என்னென்ன அடங்கும்?

கல்விக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம். 2015 முதல் பெரிய கல்லூரிகளில் ஊருக்குப் போய்வரும் செலவு, கைச்செலவு போன்றவற்றுக்கும் ஒரு தொகை சேர்ந்தது. பெற்றோர் கவனிக்காமல் விடும் விஷயம் வரி: கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வரி கிடையாது, ஆனால் விடுதிக்கும் உணவுக்கும் தரும் பகுதி மாணவரின் வருமானமாகக் கணக்காகும். எஃப்-1 விசாவில் இந்தியாவிலிருந்து வந்த மாணவர் என்றால் அந்தப் பகுதியில் பொதுவாக 14% முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். "எல்லாம் இலவசம்" என்று நம்பி வந்த பிள்ளை பிப்ரவரியில் வரிப் படிவத்தைப் பார்த்து முழிப்பது இங்கே வருஷா வருஷம் நடக்கிறது.

இன்னொன்று, நாலு வருஷத்துக்கும் உறுதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1973 முதல் இது வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஏற்பாடுதான். 2012-க்குப் பிறகு பல வருஷ ஒப்பந்தம் தரலாம் என்று விதி மாறியது. தரவேண்டும் என்று எல்லாருக்கும் கட்டாயம் ஆகவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளில் எத்தனை வருஷம் என்று பாருங்கள்.

அணியில் இருக்கும் எல்லோருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

ஃபுட்பாலைப் பார்த்துவிட்டு மற்ற விளையாட்டையும் அப்படியே நினைப்பதால் வரும் குழப்பம் இது. என்சிஏஏ கல்லூரிகளை மூன்று பிரிவாகப் பிரித்திருக்கிறது. முதல் பிரிவுக் கல்லூரிகளின் உச்ச அடுக்கில் ஃபுட்பாலுக்கு 85 பேர் வரை முழு ஸ்காலர்ஷிப் தரலாம் என்பது நீண்ட கால விதியாக இருந்தது. ஆண்கள் டென்னிஸுக்கு இருந்ததோ மொத்தம் 4.5! அந்த நாலரையைக் கோச் எட்டு, பத்துப் பேருக்குத் துண்டு போட்டுப் பகிர்வார். ஒருவருக்குப் பாதி, ஒருவருக்குக் கால், ஒருவருக்குப் புத்தகச் செலவு மட்டும். பேஸ்பாலில் 11.7. பெண்கள் டென்னிஸில் 8, அதுவும் முழுதாகவே தந்தார்கள்.

சென்னையில் வளர்ந்து ஆடிப் பழகிய சோம்தேவ் தேவ்வர்மன் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு வருஷமும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றார். அதன் பிறகு நம் பக்கத்து டென்னிஸ் பெற்றோர்களுக்கு இந்த வழி நன்றாகவே தெரிந்துவிட்டது. அவர் ஆடிய காலத்திலும் ஆண்கள் அணிக்கு விதி இதே நாலரைதான்.

2025 ஜூலையில் இது தலைகீழாக மாறியது. வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த, ஹவுஸ் வழக்கு என்று சொல்லப்படும் வழக்கில் ஜூன் 6-ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன் சமரசத்தை ஏற்றார். அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. ஃபுட்பாலுக்கு 105, பேஸ்பாலுக்கு 34, டென்னிஸுக்கு 10. அத்தனை பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம். தரலாம் என்றால் தருவார்கள் என்று அர்த்தமில்லை, பணம் இருக்கிற கல்லூரி தரும். கிளப்புகள் இப்போது முன்னைவிட அதிகமாக உங்களைத் தேடுவதற்கு ஒரு காரணம் இது.

நன்கொடை என்கிறார்கள், பிறகு "பாயிண்ட்" கணக்கு எதற்கு?

ஸ்டேடியத்தில் நல்ல இருக்கை, கார் நிறுத்தும் இடம், வெளியூர் ஆட்டத்துக்கு டிக்கெட், எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு. எத்தனை வருஷமாக, எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதை வைத்து உங்களுக்குப் புள்ளிகள் சேரும். புள்ளி அதிகமானால் வரிசையில் முன்னே போவீர்கள். சில இருக்கைகளுக்கு டிக்கெட் விலைக்கு மேல் குறைந்தபட்ச நன்கொடை கட்டாயம். கட்டாயமானால் அது எப்படி நன்கொடை என்று கேட்டால் சிரிப்பார்கள். கோயிலில் சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கிவிட்டு அதை உண்டியல் காணிக்கை என்று சொல்ல முடியுமா?

அப்படியென்றால் வரிவிலக்கு கிடைக்குமா?

முன்பு கிடைத்தது, அதுவும் தாராளமாக. 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு தனிச் சலுகை கொடுத்தது: கல்லூரி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கும் உரிமைக்காகத் தரும் நன்கொடையில் 80%-ஐ வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அந்தச் சலுகையை ஒரேயடியாக எடுத்துவிட்டது. 2018-லிருந்து, இருக்கை உரிமையோடு ஒட்டிய தொகைக்கு ஒரு டாலர்கூட விலக்கு இல்லை. பிரதிபலன் எதுவும் பெறாமல் ஸ்காலர்ஷிப் நிதிக்கு மட்டும் கொடுத்தால் விலக்கு உண்டு. அதனால் இரண்டையும் தனித்தனிக் காசோலையாகக் கொடுத்து, தனித்தனி ரசீது கேளுங்கள். 250 டாலரோ அதற்கு மேலோ என்றால் எழுத்துபூர்வ ரசீது இல்லாமல் விலக்குக் கேட்க முடியாது.

ஐடி கம்பெனியில் இருப்பவர்கள் அடுத்து கேட்பது, "கம்பெனி அதே தொகையைச் சேர்த்துக் கொடுக்குமா?" பல நிறுவனங்கள் விளையாட்டுத் துறைக்கான நன்கொடையைத் தங்கள் திட்டத்திலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் பொது ஸ்காலர்ஷிப் நிதிக்குக் கொடுத்தால் சேர்த்துத் தரும் நிறுவனமே, பூஸ்டர் கிளப்புக்கு என்றால் கையை விரிக்கலாம். மனிதவளத் துறையிடம் முதலில் கேளுங்கள்.

என் அப்பா பெயரில் ஒரு நிரந்தர ஸ்காலர்ஷிப் வைக்கலாமா?

வைக்கலாம். பெரிய தொகை வேண்டும். இது நம் ஊர் அறக்கட்டளை வைப்பு நிதி மாதிரிதான்: முதலைத் தொடமாட்டார்கள், அதிலிருந்து வருஷத்துக்கு நாலு முதல் ஐந்து சதவீதம் எடுத்துச் செலவழிப்பார்கள். வருஷம் 40,000 டாலர் செலவாகும் ஒரு வெளிமாநில மாணவரை முழுதாகப் படிக்கவைக்க, 4% கணக்கில் 10 லட்சம் டாலர் முதல் வேண்டும். 50,000 டாலர் வைத்தால் வருஷம் 2,000 டாலர் வரும். பெயர்ப் பலகை இரண்டுக்கும் இருக்கும், ஆனால் இரண்டாவதில் யாருடைய படிப்பும் முடியாது. அந்த 50,000-ஐ வைத்து உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் பல பிள்ளைகளைப் படிக்கவைக்கலாமே என்பது என் சொந்த அபிப்பிராயம், கிளப்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பெண்கள் அணிக்கு மட்டும் என்று குறிப்பிட்டுக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆண்கள் அணிக்கு மட்டும் என்றும் கொடுக்கலாம். ஆனால் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்க 1972-இல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம் (டைட்டில் நைன்) பணம் யார் தந்தது என்று பார்க்காது. கிளப் பணத்தில் ஆண்களுக்குப் புது உடைமாற்றும் அறை கட்டினால், பெண்களுக்கு ஈடு செய்ய வேண்டிய பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது. ஸ்காலர்ஷிப் தொகையும் அணிகளில் இருக்கும் ஆண், பெண் விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

பூஸ்டர்கள் மாட்டிக்கொண்ட கதைகள் கேட்டிருக்கிறோம். உண்மையா?

உண்மைதான். டெக்சஸில் டல்லாஸ் நகரத்து சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்தான் பெரிய பாடம். பூஸ்டர் ஒருவர் வைத்திருந்த ரகசிய நிதியிலிருந்து 13 ஃபுட்பால் வீரர்களுக்கு மொத்தம் சுமார் 61,000 டாலர் போயிருந்தது. ஏற்கெனவே தண்டனையில் இருந்த கல்லூரி அது. 1987 பிப்ரவரியில் என்சிஏஏ அந்த வருஷ ஃபுட்பால் சீசனையே ரத்து செய்தது. மறு வருஷமும் கல்லூரி ஆடவில்லை. அடுத்த வாரமே மாநில ஆளுநர் பில் கிளெமென்ட்ஸ், தான் முன்பு அந்தக் கல்லூரியின் ஆட்சிக்குழுத் தலைவராக இருந்தபோது, கொடுத்துவந்த பணத்தை உடனே நிறுத்தாமல் தொடர அனுமதித்ததை ஒப்புக்கொண்டார். அந்த அணி மறுபடி ஒரு பௌல் ஆட்டத்தைப் பார்த்தது 2009-இல்.

அறுபத்தோராயிரம் டாலர்! இன்று ஒரு முன்னணிக் குவார்ட்டர்பேக்கின் (ஃபுட்பாலில் ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர்) மாதக் கணக்குக்கு அது காணாது, அதுவும் சட்டப்படியே.

சட்டப்படியா? வீரர்களுக்கு இப்போது நேராகவே பணம் தரலாமா?

2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். இதற்காகவே ரசிகர்கள் சேர்ந்து "கலெக்டிவ்" என்ற கூட்டு நிதிகளை ஆரம்பித்தார்கள். இவை பூஸ்டர் கிளப் அல்ல, ஸ்காலர்ஷிப்பும் தருவதில்லை. சில அறக்கொடை அமைப்பாகப் பதிவு செய்துகொண்டன. பல கலெக்டிவ்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று வருமான வரித் துறை 2023-இல் எழுத்தில் சொல்லிவிட்டது. உங்களிடம் பணம் கேட்பவர் எந்த அமைப்பின் சார்பில் கேட்கிறார் என்று விசாரியுங்கள். சட்டை நிறம் ஒன்றாக இருக்கும், கணக்கு வேறு.

ஹவுஸ் சமரசத்துக்குப் பிறகு கல்லூரியே தன் விளையாட்டு வருமானத்தில் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். 2025-26-க்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். புதிதாகச் சேர்க்கும் ஸ்காலர்ஷிப்புகளின் செலவில் 25 லட்சம் டாலர் வரை இந்த வரம்புக்குள்தான் கழியும். அதாவது நீச்சல் அணியில் ஒரு பெண்ணுக்குப் புதிதாக ஸ்காலர்ஷிப் தந்தால், ஃபுட்பால் வீரருக்குத் தரக்கூடிய தொகை அந்த அளவு குறையும். கோச்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படிப்புக்கு என்று நினைத்துக் கொடுப்பவர்கள், காசோலையில் "ஸ்காலர்ஷிப் நிதிக்கு மட்டும்" என்று எழுதி, அதற்குரிய நன்கொடை ஒப்பந்தமும் கேட்க வேண்டிய காலம் இது.

நான் கிளப்பில் சேர்ந்தால் என் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் எளிதாகுமா?

ஆகாது. தேர்வு கோச் கையில், தகுதி என்சிஏஏ கையில். முதல் பிரிவுக்கு உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் 2.3 சராசரி. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா போலவா என்று கேட்பார்கள். அங்கே விளையாட்டு உங்களுக்கு சீட் வாங்கித் தருகிறது, கட்டணம் உங்கள் பாடு. இங்கே கட்டணத்தையே கட்டுகிறார்கள், பதிலுக்கு வாரம் முழுவதும் உழைப்பை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒரு கிளப் யோக்கியமாக நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

அறக்கொடை அமைப்புகள் வருஷந்தோறும் தாக்கல் செய்யும் 990 படிவம் பொது ஆவணம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மூன்று இடத்தைப் பாருங்கள்: பல்கலைக்கழகத்துக்கு மானியமாகப் போன தொகை, நிர்வாகிகளின் சம்பளம், நிதி திரட்டுவதற்கு ஆன செலவு. ஸ்காலர்ஷிப்புக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று அதில் தெளிவாக இல்லாவிட்டால் நேரில் கேளுங்கள். நல்ல கிளப் பதில் சொல்லும்.

அணியில் ஒரு தமிழ்ப் பையன் ஆடுகிறான். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாமா?

ஒருமுறை கிளப்புக்குப் பணம் கொடுத்துவிட்டால் என்சிஏஏ கணக்கில் நீங்கள் ஆயுளுக்கும் பூஸ்டர்தான், அதனால் இந்தக் கேள்வி அவசியமானது. அணியில் இருக்கும் மாணவருக்கு எப்போதாவது ஒருமுறை உங்கள் வீட்டில் சாப்பாடு போடலாம், காரில் கூட்டிவந்து திரும்ப விடலாம். அதே பையனை சரவணபவனுக்குக் கூட்டிப்போய் பில் கட்டக்கூடாது. தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பதும், அவன் அம்மாவுக்கு விமான டிக்கெட் போடுவதும் வேண்டவே வேண்டாம். இன்னும் பள்ளியில் படிக்கிற, கல்லூரி தேடிக்கொண்டிருக்கிற பிள்ளை என்றால் ஒரு காப்பிகூட உங்கள் செலவில் கூடாது. எதுவானாலும் இட்லிக்கு மாவு அரைப்பதற்கு முன் பல்கலைக்கழகத்தின் விதி கண்காணிப்பு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அனுமதி வாங்குவது இரண்டு நிமிஷ வேலை, அவர்கள் இந்தக் கேள்விக்குப் பழகியவர்கள்.